பிறர் தம் சமயம் கூறக் கேட்கும் முறை

(திருவண்ணாமலையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழிலக்கியத்துள் யாதேனும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்றே முதலிற் கருதினோம். நாள்தோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வரும் எமக்கு அஃது எளிது. ஆயினும், சென்ற கூட்டம் கலைந்து வெளிவந்த பொழுது அன்பர் ஒருவர் எம்மை நிறுத்தி ஒரு வினா வினவினார். "ஐயா, வீட்டு வாயிலில் வந்து நின்று தம் சமயத்தைச் சொல்லுகின்றனர், பேருந்தில் அருகமர்ந்தவர் சொல்லுகின்றார், நம் உறவினருள்ளேயே வேறு நெறி சார்ந்தோர் கலியாணப் பந்தியிற் சொல்லுகின்றனர். சினந்து பேசினாற் பகை விளைகின்றது. பேசாதிருந்தால் இசைந்துவிட்டதாக எண்ணுகின்றனர். யாது செய்வது?" என்றார். அதற்கு அப்போது யாம் விடை கூறவில்லை. விடை கூறுந் தகுதி எமக்கில்லை என்பதே காரணம். அத்தகுதியின்மை எவ்வாறு வந்தது என்பதையும் ஒளியாமற் சொல்லுவோம். அதனாலேயே இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் நாம் வாழும் ஊரை நோக்குவோம். கார்த்திகைத் தீபத்தன்று மாலை மலையுச்சிக் கொப்பரையிற் சுடர் எழுங்கால், இவ்வூரில் நிற்க இடமின்றி மக்கள் நிறைகின்றனர். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் வழியை வலம்வரப் பன்னாட்டவரும் வருகின்றனர். வந்தவரிடம் நாம் வாளா இருக்கின்றோமா? ஆட்டோ ஓட்டுபவர் மலையின் மகிமையைச் சொல்லுகின்றார். பூக்கட்டும் அம்மையார் அண்ணாமலையார் தமக்குச் செய்த அருளைச் சொல்லுகின்றார். நாமும் விருந்தினரைத் திண்ணையில் அமர்த்தித் தலபுராணம் சொல்லுகின்றோம். ஆகவே, பிறர் நமக்குச் சமயம் சொல்லுகின்றனரே என்று குறைகூறுமுன், நாமும் நாள்தோறும் பிறர்க்குச் சமயம் சொல்லுகின்றவரே என்பதை நினைத்தல் வேண்டும்.

அத் தலபுராணந்தான் யாது? பிரமனும் திருமாலும் தம்முள் யார் பெரியர் என்று மாறுபட்டனர். இறைவன் அவர் நடுவே அழற்பிழம்பாய் எழுந்தான். பன்றியுருக்கொண்டு அடி தேடிய திருமால், கண்டிலேன் என்று மெய்யை ஒப்புக்கொண்டார். அன்னமாய்ப் பறந்து முடி தேடிய பிரமனோ, காணாததைக் கண்டதாகக் கூறித் தாழம்பூவைச் சான்றுக்கு அழைத்தார். பொய்ச்சான்று புகன்ற அப்பூச் சிவபூசைக்கு ஆகாது ஒழிந்தது. இக்கதையை யாம் எம் அண்டை வீட்டு வைணவ நண்பர் முன்னிலையிற் பலமுறை சொல்லியிருக்கின்றோம். அவர் நெறிக்கு இஃது உடன்பாடன்று. ஆயினும் அவர் ஒருகாலும் இடையில் எழுந்து போனதில்லை. முடிவில், "நன்றாகச் சொன்னீர்கள், எங்கள் பெரியோர் இதனை இவ்வாறு கொள்வதில்லை" என்று புன்முறுவலோடு கூறி, எம் இல்லத்தார் கொடுக்கும் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு விடைபெறுவார். நாம் கற்க வேண்டிய பாடம் முழுவதும் அவர் செய்கையில் அடங்கியிருக்கின்றது. நாற்பது வயது கடந்த பின்னரே அதனை உணர்ந்தோம் என்பது எமக்கு நாணந் தருவதாகும்.

இனி எம் குற்றத்தைச் சொல்லுவோம். 15 ஆண்டுகட்கு முன், எம்மிடம் முன்னர்ப் பயின்ற இளைஞன் ஒருவன், நம் சங்கத்துக் குடும்பத்தவனே, ஒருநாள் மாலை எம் வீட்டிற்கு வந்தான். கையிற் சிறு நூலொன்று வைத்திருந்தான். "ஐயா, என் வாழ்க்கையில் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது, அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வந்தேன்" என்று தொடங்கி, இயேசுநாதர் பெயரைச் சொன்னான். அவ்வளவே, மேலே சொல்ல யாம் விடவில்லை. அக்காலத்தில் சித்தாந்த சாத்திரங்களை ஊன்றிப் படித்துவந்தோம். காட்சியளவை, கருதலளவை, உரையளவை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவன் சொல்லாத கொள்கைகளையெல்லாம் அவன் தலையில் ஏற்றி மறுத்தோம். திண்ணையிலிருந்த இருவர் நகைத்தனர். இளைஞன் நூலை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்து, "வருகிறேன் ஐயா" என்று சொல்லிப் போனான். அன்றிரவு யாம் வாதில் வென்றவராகவே உண்டு உறங்கினோம். அவன் பிறகு எம் வீட்டுப் படியேறவில்லை.

இவ்வாறு வாதிட்டு வாயடைத்தல் முதற் குற்றம். ஒருவன் தன் நெஞ்சில் அரிதாகப் போற்றும் ஒன்றை நம்மிடம் கொண்டுவருகின்றான். அது நமக்கு உடன்பாடாகாதிருக்கலாம். ஆயினும் கொண்டுவந்தது அவனுக்கு அரும்பொருள் என்பதில் ஐயமில்லை. ஒருவர் தம் குழந்தையைக் காட்டும்போது அதன் மூக்கிற் குறைகாண்பார் உண்டோ?

எதிரே தலையசைத்துக் கேட்டு, அவர் போனபின் அவரைப்போற் பேசிக்காட்டி நகைத்தல் இரண்டாவது குற்றம். இதனை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கின்றனர். முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்னும் ஒழுக்கத்தை நாமே கற்பிக்கின்றோம்.

மூன்றாவது குற்றம் குற்றமென்றே தோன்றாதது. ஒருவர் தம் நெறியைச் சொல்லத் தொடங்கியவுடன், "எல்லாம் ஒன்றுதான் ஐயா, எல்லா ஆறும் கடலுக்கே போகின்றன" என்று சொல்லி முடித்துவிடுகின்றோம். அக்கருத்தை ஆராய்ந்து தெளிந்து கூறுவோரை யாம் பழிக்கவில்லை. நம்மிற் பெரும்பாலோர் தெளிந்து சொல்லுகின்றோமா, கதவை மெல்லச் சாத்துவதற்காகச் சொல்லுகின்றோமா என்பதே வினா. வந்தவர் தம் ஆற்றின் பெயரைக்கூட இன்னும் சொல்லவில்லை; நாமோ கடலைக் காட்டி அனுப்பிவிடுகின்றோம். உள்ளத்தில் இல்லாத உடன்பாட்டை வாயாற் கூறுவது தாழம்பூச் சான்றே யாகும்.

அங்ஙனமாயின் கேட்கும் முறைதான் யாது? இதற்கு யாம் காட்டுஞ் சான்று தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெறும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அவர் 1855இல் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சைவச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்றவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பின்னர் முதலியார் கொடுத்த படியைக் கொண்டு படிக்கத் தொடங்கிய ஐயருக்கு அடிக்கொரு தடை நேர்ந்தது. சீவக சிந்தாமணி ஜைன காவியம். அதிலுள்ள சமயச் சொற்களுக்குப் பொருள் சைவ நூல்களிற் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் ஒன்று கருதல் வேண்டும். சிந்தாமணி சைவருட் பலர்க்கு உவப்பான நூலன்று. சோழ வேந்தன் அதனை விரும்பிப் படித்தமை கண்டு வருந்தியே சேக்கிழார் பெரியபுராணம் இயற்றினார் என்னும் வரலாறு நம்மவருள் வழங்குகின்றது. அங்ஙனமாகவும், ஐயரவர்கள் கும்பகோணத்திலிருந்த ஜைனர் வீடுகளைத் தேடிச் சென்றார். அங்கே சிந்தாமணி இறந்த நூலாயிராமல், பக்தியோடு பாராயணம் செய்யப்பெறும் நூலாக இருத்தலைக் கண்டார். சந்திரநாத செட்டியார் முதலிய ஜைன அன்பர்களிடம் நாள்தோறும் ஐயங் கேட்டார். தாம் கல்லூரி ஆசிரியராயிற்றே என்று நாணவில்லை. பரசமயமாயிற்றே என்று கூசவில்லை. கேட்டவற்றைச் சைவத்தோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேசவுமில்லை. அவர் கேட்ட வினாக்களின் நயத்தையும் ஆர்வத்தையும் கண்டு, வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்னும் பொருளில் அவரைப் 'பவ்விய ஜீவன்' என்று ஜைனர் வீட்டிற் கருதியதாக அவர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். தம் சமயத்தை நன்றாகக் கேட்டவனுக்கு அச்சமயத்தார் சூட்டிய பட்டம் அது.

1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பின்னர் மணிமேகலையை ஆராயுங்கால் பௌத்த நூற் பொருள்களை ரங்காசாரியரிடம் கேட்டறிந்து, 1898இல் அதனையும் வெளியிட்டார். இவ்வளவும் செய்தவர் தம் சைவ நெறியை விட்டாரல்லர். கேட்டாற் கெட்டுவிடுவோம் என்று அஞ்சுவோர் இதனை எண்ணுக. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் பெர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தின் தமிழாக்கத்துக்கு உழைத்தவரே. அவரைவிட உறுதியான சைவர் 19ஆம் நூற்றாண்டில் யார்? நம் மாவட்டத்திலேயே வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பக்கங்களில் தமிழ் ஜைனர்களாகிய நயினார்கள் பன்னூற்றாண்டாக வாழ்கின்றனர். போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் பெரிய உருவில் நிற்கின்றார். அவர்கள் சமயம் யாதென்று நம்முள் எத்தனை பேர் ஒருமுறையேனும் கேட்டிருக்கின்றோம்?

நம் மலையடிவாரத்திலேயே மற்றொரு சான்று உண்டு. ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1இல் இவ்வூர் வந்து, 1950 ஏப்ரல் 14இல் மகாசமாதி அடையும் வரை இவ்விடம் விட்டு நீங்கவில்லை. பல நாட்டுக் கிறித்தவர்கள் அவரிடம் வந்தனர். நும் மதத்தை விடுக என்று அவர் அவர்களுக்குச் சொல்லவில்லை. மதுரையில் மிஷன் பள்ளியிற் படித்தவராகலின், இறைவன் மோசேக்குத் தன் பெயரை உரைத்த விவிலியப் பகுதியையே எடுத்துக்காட்டி விளக்குவார். வந்தவருடைய நூலைக்கொண்டே வந்தவரோடு பேசினார் என்பது கருதத்தக்கது. 1949 ஜனவரியில் அவரைக் காணவந்த பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர்பூண்டு, இம்மலைக் குகைகளிற் பன்முறை தங்கித் தவம் புரிந்தார். அவர் 1973இல் இறக்குமளவும் கிறித்தவத் துறவியாகவே இருந்தார். கேட்டலும் மாறுதலும் ஒன்றல்ல என்பதற்கு இருபாலும் சான்று கண்டோம்.

சொல்ல வருபவர்க்கும் கேட்கும் கடமை உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் போதிக்கவே வந்தவர். ஆயினும் அவரும் அவர் துணைவரும், தமிழர் கொள்கைகளையும் வழக்கங்களையும் பற்றி வினாக்கள் விடுத்து விடை பெற்றனர். 1712 முதல் 1714 வரை தமிழர் எழுதிய அக்கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சிடப்பெற்றன. நம் முன்னோர் அவற்றில் தம் நெறியைப் பொறுமையாக விளக்கியதோடு, இங்கு வந்த ஐரோப்பியர் குடியும் தூய்மையின்மையும் அவர் போதனையோடு எவ்வாறு பொருந்தும் என்று நேரேயும் கேட்டனர். பணிவு என்பது வாய்மூடியிருத்தல் அன்று என்பதற்கு இஃது அறிகுறி.

மணிமேகலைக் காவியத் தொடக்கத்தில், புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைவோன் ஊரார்க்கு வேண்டுவன கூறுகின்றான். தெருவை அணிசெய்யுமாறு சொல்லுகின்றான். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் பொருளை உரைக்குமாறு சொல்லுகின்றான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது அகலுமாறு சொல்லுகின்றான். விழாக்காலத்து ஊருக்கு இவை மூன்றும் ஒருங்கே வேண்டியனவாகச் சாத்தனார் கண்டார். தீபத் திருவிழாவுடைய நமக்கும் அம்முரசு பொருந்தும். அக்காவியத்திலேயே மணிமேகலை வஞ்சி மாநகரிற் பல சமயத்தாரையும் அணுகி, நும் பொருள் யாது என்று ஒவ்வொருவரையும் கேட்கின்றாள். பௌத்தம் பாடவந்த புலவர் பிற சமயத்தார்க்கெல்லாம் ஒரு காதை முழுதும் வாய்திறக்க இடந்தந்திருத்தலை நோக்குக.

கருத்து வேறுபட்டும் நட்பு வேறுபடாமைக்கு ஒன்று சொல்லி மேற்செல்லுவோம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறித்தவர். சைவப் பெரும்புலவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளையோ திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரின் கொடையைப் புகழ்ந்து பாடினார். சமயத்தில் இருவரும் வேறுபட்டே நின்றனர். ஆயினும் நட்பில் வேறுபட்டாரல்லர்.

இனி, வினாவிய அன்பருக்கு விடையைத் தொகுத்துச் சொல்லுவோம்.

வந்தவர் முடிக்கும்வரை கேளுங்கள். கேட்க நேரமில்லையாயின், "இப்போது வேலை இருக்கிறது" என்று மெய்யே சொல்லுங்கள். கேட்கும் எண்ணமில்லாமல், பிறிதொரு நாள் வருக என்று சொல்லி அலைக்கழிக்க வேண்டா. கேட்டபின், கொள்கையைப் பற்றி வினவுமுன், "இதனால் உமக்கு என்ன நன்மை கிட்டியது?" என்று கேளுங்கள். கொள்கையில் வேறுபடுவோர் பலராயினும், ஒருவர் பட்ட துன்பத்தையும் பெற்ற ஆறுதலையும் கேட்டறிவதில் வேறுபாடு இல்லை. அதன்பின் நும் நிலையை இரண்டொரு சொல்லில் உரையுங்கள்: "யாம் எம் முன்னோர் நெறியில் நிற்கின்றோம், அதில் எமக்கு நிறைவு இருக்கிறது, நீர் அன்போடு சொன்னமைக்கு நன்றி." இதற்குமேல் வேண்டியதில்லை.

மறுத்தற்குரிய இடமும் உண்டு. நோயாளியின் படுக்கையருகே அச்சுறுத்திச் சொல்லுதல், பொருளுதவியை முன்னிட்டுச் சொல்லுதல், பெற்றோர் அறியாமற் சிறுவரை அழைத்துச் சொல்லுதல், நம் தெய்வத்தை இகழ்ந்து சொல்லுதல் ஆகிய இவற்றை உறுதியாக மறுத்துவிடலாம். "இஃது எமக்கு விருப்பமன்று, இத்துடன் நிறுத்துக" என்று குரலுயர்த்தாமற் சொன்னால் அது மரியாதைக் குறைவாகாது. இவ்விதி நமக்கும் உரியது. திருநீறு அணியாத கிறித்தவ ஆசிரியர் நெற்றியில் வலியப் பூசுதல் அன்பாகாது. இசுலாமிய நண்பர் நோன்புக் கஞ்சி கொடுத்தால் இரு கையாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்ணும் வழக்கமில்லையாயின், "மன்னிக்க வேண்டும், எமக்கு அவ்வழக்கம் இல்லை" என்று அவரிடமே சொல்லுங்கள். வாங்கி வைத்து, பிறகு குப்பையிற் கொட்டுதல் தகாது.

எம் கதையை முடிக்காமல் விட்டோம். 3 ஆண்டுகட்கு முன் எம் தாயார் சிவபதம் அடைந்தபோது, அவ்விளைஞன் யாரும் அழையாமலே வந்தான். நம் உறவினரோடு தோள்கொடுத்துப் பாடை சுமந்தான். சடங்குகள் எல்லாம் முடிந்தபின் அவனை வரவழைத்து, அதே திண்ணையில் அமர்த்தி, "தம்பி, அன்று நீ சொல்ல வந்ததை யாம் கேட்கவில்லை. இன்று சொல்" என்றோம்.

அவன் சற்றுநேரம் பேசாதிருந்து, "ஐயா, அன்று நான் மதம் பேச வரவில்லை. அப்பாவைப் போலவே நானும் குடிக்கு அடிமையாகிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று, குடியை விட்டு நாற்பதாவது நாள். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. எனக்கு எழுத்தறிவித்தவர், நீங்கள் நம்புவீர்கள் என்று வந்தேன். எப்படி விட்டேன் என்று சொல்ல, அந்தப் பெயரிலிருந்துதானே தொடங்க வேண்டும்?" என்றான்.

அவையோரே! எம் மாணாக்கன் ஒருவன் சாக்காட்டிலிருந்து மீண்ட செய்தியை எமக்குச் சொல்ல வந்தான். யாம் அவனுக்கு அளவை இலக்கணம் கூறி அனுப்பினோம். 12 ஆண்டு அவன் அச்சொல்லை நெஞ்சிற் சுமந்திருந்தான். "எம்மைப் பொறுத்துக்கொள், தம்பி" என்றோம். அவன் கண்ணீரோடு எம் கையைப் பற்றிக்கொண்டான். பின்பு அவன் தன் நெறியைப் பற்றிச் சொன்னதை ஒரு நாழிகை கேட்டோம். நீறணிந்த நெற்றியோடே கேட்டோம். கேட்டு எழுந்தபோதும் அந்நீறு அழியவில்லை. இப்பொழுது அவன் தீபத்தன்று எம் வீட்டுக்கு வந்து எம் பிள்ளைகளோடு உண்ணுகின்றான். கிறித்துமசு அன்று யாம் அவன் வீட்டுக்குச் சென்று அவன் தாயாரைக் கண்டு வருகின்றோம்.

ஆதலின், நம் வாயிலில் ஒருவர் வந்து தம் கடவுளின் பெயரைச் சொல்லுவாராயின், அப்பெயரின் பின்னே இன்னும் சொல்லப்படாத ஒரு செய்தி இருக்கக்கூடும் என்று எண்ணி, அதனைச் சொல்லி முடிக்க அவருக்கு இடங்கொடுங்கள். கொள்ளுதலும் தள்ளுதலும் நம் உரிமை. கேட்டல் நம் கடமை.